அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ: அரிக்காமல் மாட்டுவது எப்படி?

பாய்மரத்தில் கயிறு கட்டும் கிளீட்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் கீறினால் விபூதி மாதிரி வெள்ளைப் பொடி கொட்டுகிறதா? ஸ்க்ரூ பளபளவென்று இருக்கும், அதைப் பிடித்திருக்கும் அலுமினியம்தான் கரைந்துகொண்டிருக்கும். ஒட்டியிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. தேய்வது அலுமினியம்.

முதலில் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். பாதி நாள் இதிலேயே போய்விடும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் அதை நன்றாகத் துடைத்துவிட்டு ஹீட் கன்னால் சூடு காட்டுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸைவிட அலுமினியம் அதிகம் விரியும் என்பதால் பிடி தளரும். அப்புறம் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். நான் அவசரப்பட்டு முறுக்கியதில் முதல் ஸ்க்ரூவின் தலை துண்டாகிவிட்டது, மிச்சத்தைத் துளைக்கப் போனால் டிரில் பிட் கெட்டியான ஸ்டீலை விட்டுவிட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குள் வழுக்கிக்கொண்டே போனது.

வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புது அரிப்பைத் தொடங்கும். மரை தேய்ந்திருந்தால் ஓட்டையை அடுத்த அளவுக்குப் பெரிதாக்கிப் புது மரை போடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். கிளீட்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு, ஸ்க்ரூ தலைக்கு அடியில் நைலான் வாஷர், மரை முழுக்க டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் என்ற அரிப்புத் தடுப்புப் பேஸ்ட். சாதாரண கிரீஸ் கழுவிக்கொண்டு போய்விடும். இப்படி நடுவில் ஒன்றை வைப்பது பழைய பாடம்: 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது; 1763-ல் பார்த்தபோது இரும்பு ஆணிகள் பல கரைந்திருந்தன, தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் நடுவில் மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது.

ஸ்டெயின்லெஸ் தகட்டை அலுமினிய ரிவெட் வைத்து அடிக்காதீர்கள். பெரிய ஸ்டீல் சின்ன ரிவெட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். மோனல் (நிக்கலும் செம்பும் கலந்த உலோகம்) ரிவெட் போடலாம், அதற்கும் பேஸ்ட் தடவித்தான்.

துத்தநாக ஆனோடு, அதாவது தானே கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் துண்டு, வைத்தால் போதாதா? அந்தப் பலிகடா தண்ணீருக்குள் இருப்பதை மட்டும்தான் காப்பாற்றும், பாய்மரத்துக்கு உதவாது. படகின் அடியில் இருக்கும் ஆனோடு பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், அதன்மேல் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். மரையில் வெள்ளைப் பொடி இல்லாமல் லேசாகச் சுழன்று வந்தால் மற்றவற்றைத் தொட வேண்டாம்.