உணரிப் பாடத்தில் உங்கள் புள்ளி எப்படி உருவாகிறது? நீங்களே கணக்கிடும் முறை

மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பை தராசில் ஏறுவதற்கு முன்பே என் அம்மா அதன் எடையைச் சொல்லிவிடுவார். "பதினெட்டு இருக்கும்" என்பார். ஏட்டில் பதினாறு என்று விழுந்தால் அந்த இடத்திலேயே கேட்பார். ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு, பைக்குக் கழிவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும்வரை நகரமாட்டார். மறுநாள் கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தை நான் லயத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். புள்ளி என்பது பருவ முடிவில் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும் ஒன்று, அதுவரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிற்பாடு பட்டம் முடித்து, தற்காலிகப் போதனாசிரியராக ஆய்வுகூட அறிக்கைகளைத் திருத்தியபோதுதான் ஒரு மாணவரின் புள்ளி எங்கே சேர்கிறது, எங்கே கசிகிறது என்பதை மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். தமிழ்மொழியில் உயர்தரம் எழுதி, மலையகத்திலிருந்து பொறியியல் பீடத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக, உணரிகள் (வெப்பநிலை, மழை போன்றவற்றை அளக்க உதவும் சென்சர்கள்) பற்றிய பாடத்தை உதாரணமாக வைத்து இதை எழுதுகிறேன். ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலாம் படி: பங்கீட்டை எழுதிக்கொள்ளுங்கள்

முதல் வாரத்தில் விரிவுரையாளர் பாட விவரணத்தைத் தருவார். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதில் எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும். பீடத்துக்குப் பீடம், ஆண்டுக்கு ஆண்டு இது மாறும். விளக்குவதற்காக நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்: ஆய்வுகூடம் 20, ஒப்படைகள் 10, இடைப் பரீட்சை 15, செயற்றிட்டம் 15, இறுதிப் பரீட்சை 40. உங்கள் விவரணத்தில் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே தாளில் இன்னும் மூன்று விடயங்களைத் தேடுங்கள். பாடத்துக்கு எத்தனை கிரெடிட்? இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஆகவே 3 கிரெடிட் பாடம் உங்களிடமிருந்து 150 மணித்தியாலங்களை எதிர்பார்க்கிறது. விரிவுரை மண்டபத்தில் கழிவது அதில் சிறு பகுதிதான். அடுத்து, வரவு எத்தனை சதவீதம் வேண்டும்? 80 என்பது வழக்கமான அளவு. மூன்றாவது, தொடர் மதிப்பீட்டிலும் (இறுதிப் பரீட்சைக்கு முந்தைய பகுதிகள்) இறுதிப் பரீட்சையிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சப் புள்ளி கேட்கிறார்களா? அப்படிக் கேட்கும் பீடத்தில் மொத்தம் போதுமானதாக இருந்தும் ஒரு பக்கம் குறைந்து சித்தியடையாமல் போகலாம்.

விவரணத்தின் மேற்பகுதியில் 'கற்றல் பேறுகள்' என்று நாலைந்து வரிகள் இருக்கும். அவற்றை அலங்காரம் என்று தாண்டிவிடாதீர்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014ஆம் ஆண்டு, பொறியியல் பட்டங்களை நாடுகளுக்கிடையே அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அந்த அங்கீகாரம் வேண்டுமானால், ஒவ்வொரு பேறும் எந்தக் கேள்வியில், எந்தச் செய்முறையில் சோதிக்கப்பட்டது என்பதைத் துறை காட்டியாக வேண்டும். "ஒரு பயன்பாட்டுக்குப் பொருத்தமான உணரியைத் தெரிவுசெய்தல்" என்று ஒரு வரி இருந்தால், அது எங்காவது கேள்வியாக வந்தே தீரும்.

இரண்டாம் படி: கிடைத்த புள்ளியைப் பங்காக மாற்றுங்கள்

50க்கு 27, 40க்கு 32 என்று வெவ்வேறு அளவில் கிடைத்தவற்றை அப்படியே கூட்டக்கூடாது. முதலில் ஒவ்வொன்றையும் அதன் பங்குக்கு மாற்ற வேண்டும். ஒரு மாணவிக்கு ஆய்வுகூடத்தில் 100க்கு 78 என்றால், 20இன் 78 சதவீதம் 15.6. ஒப்படைகளில் 40க்கு 32 என்றால், 10க்கு 8. இடைப் பரீட்சையில் 50க்கு 27 என்றால், 15க்கு 8.1. செயற்றிட்டத்தில் 100க்கு 72 என்றால், 15க்கு 10.8. கூட்டினால் 42.5. இறுதிப் பரீட்சைக்குப் போகுமுன் 60இல் அவர் கையில் இருப்பது இவ்வளவு.

இனி எதிர்த்திசையில் போடுங்கள். மொத்தம் 70 வேண்டும் என்றால் இறுதிப் பரீட்சையில் 27.5 தேவை. அது 40இல் என்பதால், விடைத்தாளில் 100க்கு 69 அளவு எடுக்க வேண்டும். மொத்தம் 60 போதும் என்றால் 44. இந்த இரண்டு எண்களும் தெரிந்து படிக்கும் ஒருவருக்கும் தெரியாமல் படிக்கும் ஒருவருக்கும் பரீட்சைக்கு முந்தைய இரவு ஒரே மாதிரி இருக்காது.

ஒவ்வொரு புள்ளி வந்த அன்றே இதைச் செய்யுங்கள். கூட்டலில் தவறு இருந்தால் அந்த வாரமே பணிவாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் அதிகம். திருத்துபவராக இருந்த நான் சொல்கிறேன், அப்படி யாரும் நினைப்பதில்லை. ஒரு பக்கம் கூட்டலில் விடுபட்டதை மாணவர் காட்டித்தான் நானும் திருத்தியிருக்கிறேன்.

மூன்றாம் படி: ஆய்வுகூடப் புள்ளியை விடாதீர்கள்

இதில்தான் நான் அதிகம் நிற்கப்போகிறேன். மேலே சொன்ன மாணவி ஆய்வுகூடத்தில் 78க்குப் பதிலாக 90 எடுத்திருந்தால் மொத்தத்தில் 2.4 கூடும். அதே 2.4ஐ இறுதிப் பரீட்சையில் பெற வேண்டுமானால் விடைத்தாளில் 6 புள்ளிகள் அதிகமாக எடுக்க வேண்டும். வாரம் ஒரு மாலை கூடுதலாக உட்கார்ந்தால் கிடைப்பது அது.

அறிக்கையில் வாசிப்புகளுக்கும் வரைபுக்கும் எல்லோரும் ஓரளவு புள்ளி வாங்கிவிடுகிறார்கள். பிரிவது பிழைப் பகுப்பாய்விலும் கலந்துரையாடலிலும். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் பிளாட்டினத் தடை வெப்பநிலை உணரியை அளவுத்திருத்தம் செய்தோம். பிடி 100 என்று சொல்வது அதைத்தான். 0 பாகையில் 100 ஓம், 100 பாகை செல்சியஸில் 138.5 ஓம் காட்ட வேண்டிய உணரி. கம்பிகளின் தடை கலக்காதிருக்க நான்கு கம்பி முறையில் இணைத்திருந்தோம். உருகும் பனிக்கட்டியில் 100.0 ஓம் சரியாக வந்தது. கொதிக்கும் நீரில் 137.9க்கு மேல் ஏறவில்லை. மூன்று முறை எடுத்தோம், மூன்றும் ஒன்றே. "உணரியில் 0.6 ஓம் பிழை உண்டு" என்று எழுதி முடித்துவிட்டேன். அறிக்கை திரும்பி வந்தபோது அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: இங்கே நீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். வளியமுக்கம் குறைவதால் நீர் 98 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அந்த வெப்பநிலைக்கு உணரி காட்ட வேண்டியதும் 137.9 ஓம் அளவுதான். உணரி சரியாகவே சொன்னது, நான்தான் அதைக் குற்றவாளியாக்கினேன். இத்தனைக்கும் எங்கள் வீடு நுவரெலியாப் பக்கம். 1868 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த நகரத்தில் நீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கிறது. அங்கே பருப்பு வேக நேரம் எடுக்கும் என்பது அடுப்படியில் எல்லோரும் அறிந்தது. அறிந்திருந்தும் அதை அறிக்கைக்குள் கொண்டுவர எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பகுதிக்கு 10க்கு 3 கிடைத்தது. அது நியாயமான புள்ளி.

ஆகவே ஒவ்வொரு அறிக்கையிலும் இவற்றைச் செய்யுங்கள். ஒரே வாசிப்பைக் குறைந்தது ஐந்து முறை எடுத்து, அவை எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டுங்கள். ஒப்பிடும் 'உண்மையான' பெறுமானம் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். கருவி காட்டக்கூடியதை விட நுணுக்கமாக எண் எழுதாதீர்கள். ஒரு பாகைக்கு 10 மில்லிவோல்ட் தரும் எல்எம் 35 உணரியை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் 10 பிட் மாற்றியில் (மின்னழுத்தத்தை 1024 படிகளாகப் பிரித்து எண்ணாக்கும் பகுதி) 5 வோல்ட்டுக்கு இணைத்தால் ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட், அதாவது ஏறத்தாழ அரைப் பாகை. அதில் 26.37 பாகை என்று எழுதினால் கடைசி இரண்டு இலக்கங்களும் உணரி சொன்னவை அல்ல. திருத்துபவரின் கண் முதலில் போவது அங்கேதான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில். தொடக்கத்தில் தமிழில் யோசித்துத் தமிழிலேயே கலந்துரையாடலை எழுதிப் பாருங்கள், பிறகு குறுகிய வாக்கியங்களாக மாற்றுங்கள். சிந்தனை தெளிவாக இருந்தால் எளிய ஆங்கிலத்துக்கு நான் புள்ளி குறைத்ததில்லை. நண்பரின் அறிக்கையைப் பார்த்து எழுதிய அழகான ஆங்கிலம் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பூச்சியம் மட்டுமல்ல, ஒழுங்கு விசாரணையும் வரலாம்.

நான்காம் படி: ஒப்படைகளும் இடைப் பரீட்சையும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்படையைக் குறித்த நாளில் ஒப்படையுங்கள், தாமதத்துக்கு நாளுக்கு நாள் புள்ளி குறையும். இடைப் பரீட்சை வினாத்தாளைப் பத்திரமாக வையுங்கள். இறுதிப் பரீட்சையின் கேள்விப் போக்கை அதைவிட நன்றாகக் காட்டுவது வேறில்லை.

ஐந்தாம் படி: செயற்றிட்டம்

நமக்குத் தெரிந்த தேவையிலிருந்து தலைப்பை எடுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. எங்கள் குழு ஒரு மழைமானி செய்தது. சிறு வாளி நிறைந்து கவிழும், ஒவ்வொரு கவிழ்ப்பும் 0.2 மில்லிமீட்டர் மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு முன்னெச்சரிக்கையின் முதல் கட்டத்துக்கு 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்ற அளவை வைத்திருக்கிறது. எங்கள் கருவிக்கு அது 375 கவிழ்ப்பு.

கருவி வேலை செய்தாலே முழுப் புள்ளி என்று நினைக்க வேண்டாம். ஏன் இந்த உணரி, வேறு எவை இருந்தன, செலவு என்ன, எப்படிச் சோதித்தீர்கள், குழுவில் நீங்கள் செய்தது எது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி உண்டு. வாய்மொழிப் பரீட்சையில் எங்களிடம் கேட்டது இது: கடும் மழையில் உங்கள் கருவி கூடுதலாகக் காட்டுமா, குறைவாகக் காட்டுமா? குறைவாகத்தான் காட்டும். வாளி கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராமல் போகிறது. எச்சரிக்கை மிக அவசியமான நேரத்தில்தான் அது குறைத்துச் சொல்லும் என்பதை நாங்கள் அறிக்கையிலேயே எழுதியிருந்தோம். குறையை மறைக்காமல் அளந்து எழுதிய குழுவுக்குப் புள்ளி கூடியது, குறையவில்லை.

ஆறாம் படி: இறுதிப் பரீட்சை

கணக்குகளில் படிகளுக்குப் புள்ளி உண்டு. 120 ஓம் விகார மானி ஒன்று (பொருள் நீளும்போது தடை மாறும் உணரி), மானிக் காரணி (விகாரத்துக்குத் தடை எத்தனை மடங்கு மாறும் என்ற எண்) 2, விகாரம் (நீளம் மாறும் விகிதம்) மில்லியனில் 500 பங்கு என்றால் தடை மாற்றம் 120 × 2 × 0.0005 = 0.12 ஓம். சூத்திரம், பிரதியிடல், அலகு மூன்றையும் எழுதினால் கடைசியில் பெருக்கல் தவறினாலும் பெரும்பகுதி கிடைக்கும். விடையை மட்டும் எழுதித் தவறினால் ஒன்றும் கிடைக்காது. அடுத்து, 120 ஓமில் இந்த 0.12 ஓம் மாற்றத்தை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். சிறு தடை மாற்றத்தை அளக்க உதவும் வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்று ஏன் தேவை என்பதற்கான விடை அங்கே தொடங்குகிறது.

ஏழாம் படி: தரமும் சராசரியும்

மொத்தப் புள்ளி ஓர் எழுத்துத் தரமாக மாறும். எத்தனைக்கு எந்தத் தரம் என்பதை உங்கள் பீடக் கையேட்டில் பாருங்கள். தரத்துக்கு உரிய எண் பொதுவாக இப்படி: ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0. அதைக் கிரெடிட்டால் பெருக்குங்கள். 3 கிரெடிட் பாடத்தில் பி பிளஸ் எடுத்தால் 9.9. 2 கிரெடிட் பாடத்தில் ஏ எடுத்தால் 8. இன்னொரு 3 கிரெடிட் பாடத்தில் சி பிளஸ் எடுத்தால் 6.9. மொத்தம் 24.8. அதை 8 கிரெடிட்டால் வகுத்தால் சராசரி 3.1.

எட்டாம் படி: பரீட்சைக்கு வர முடியாமல் போனால்

சித்தியடையாத பாடத்தை மீண்டும் எழுதும்போது எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது என்பது பரவலான விதி. நோய் காரணமாக எழுத முடியாமல் போய், அந்தச் சான்றிதழ் ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும். ஆகவே அந்தச் சான்றிதழ் பெறுமதியானது. வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சல் பிடித்தால் தோட்ட மருந்தகத்துச் சீட்டோடு நின்றுவிடாதீர்கள். நடக்க முடியாவிட்டாலும் யாரையாவது அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போய் வைத்தியரின் சான்றிதழைப் பெறுங்கள். அன்றே பீடத்துக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள். கடிதம் ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் கையேட்டில் இருக்கும், அதைப் பருவம் தொடங்கும்போதே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.