இயற்கைப் பத்தி எழுத வருகிறவர்கள் செய்யக் கூடாதவை

நாளிதழில் காடு, பறவை என்று எழுதப் புதிதாக வருகிறவர்கள் வருடா வருடம் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். எழுத்துப் பிழை, நீளம் இவற்றை டெஸ்க் (அலுவலகத்தில் பிரதியைத் திருத்தும் குழு) பார்த்துக்கொள்ளும். டெஸ்கால் திருத்த முடியாதவை மட்டும் இங்கே.

கூடு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது

இதற்கு மன்னிப்பே கிடையாது. கொம்பன் ஆந்தை பாறை விளிம்பிலோ வெறும் தரையிலோதான் முட்டையிடும். கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமையே கேமராவும் கையுமாக நாலு பேர் போய் நின்றால் தாய் எழுந்து போய்விடும். முட்டை வெயிலில் கிடக்கும், மிச்சத்தைக் காகமும் கீரியும் முடித்துவிடும். மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிப்பவர்களும் பேப்பர் படிக்கிறார்கள்.

"ஊர் பேரே போடலையே சார்" என்பார்கள். "அய்யனார் கோயிலுக்கு மேற்கே பழைய கல்குவாரி" என்று எழுதியிருப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு அது போதாதா? படத்தின் ஓரத்தில் தெரியும் காற்றாலையும் செல்போன் டவரும் அதே வேலையைச் செய்யும்.

இன்னொரு ஓட்டை வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும், தரமும் குறையும். அதனால் டெஸ்க் "டாகுமெண்டா அனுப்புங்க" என்று கேட்கும். அப்படி அனுப்பினால் செல்போன் பதிந்துவைத்த அட்சரேகை, தீர்க்கரேகை அப்படியே கூடப் போகும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் டெஸ்க் பழக்கதோஷத்தில் கட்டுரையின் தலையில் ஊர்ப்பெயரைச் சேர்த்துவிடும். பிரதியின் முதல் வரியிலேயே "மாவட்டம் மட்டும் போதும்" என்று எழுதுங்கள், போனிலும் சொல்லுங்கள். குஞ்சுகள் பறந்த பிறகே கட்டுரை வரட்டும்.

எல்லாவற்றையும் சைபீரியாவிலிருந்து வரவழைப்பது

நீர்ப்பறவை என்றாலே சைபீரியாவிலிருந்து வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். வடக்கிலிருந்து குளிருக்கு வரும் ஊசிவால் வாத்து இங்கே கூடு கட்டுவதில்லை.

வீட்டுக்குப் போய்க் குறித்துக்கொள்ளலாம் என்பது

குறிக்க மாட்டீர்கள்.

புலிக்காகக் காத்திருப்பது

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1950இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய பத்தி 1996இல் அவர் இறக்கும்வரை வந்தது. யானை எழுதிய அதே கை அணிலையும் காகத்தையும் பல்லியையும் எழுதியதால்தான் அத்தனை காலம் ஓடியது. கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து வனத்துறை பாதைகளை மூடும். பத்திக்கு விடுமுறை கிடையாது. கொல்லைப்புறத்து விஷயமாக இரண்டு கட்டுரை எப்போதும் கைவசம் இருக்கட்டும்.