தாய்லாந்தில் ஓய்வுகால விசாவில் இருப்பவர்கள் எவற்றையெல்லாம் வேலை என்று கருத வேண்டும்?

ஐம்பது வயதைக் கடந்த வெளிநாட்டவர் தாய்லாந்தில் ஓய்வுகாலத்தைக் கழிக்க விரும்பினால், அதற்கான நிபந்தனைகளில் பெரும்பாலானவை எண்களாகவே இருக்கின்றன. தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சத்தை எட்ட வேண்டும். தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் நீட்டிக்க 1,900 பாட் கட்டணம். 90 நாளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். இவற்றை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்பவர்கள்கூடத் தடுமாறுவது, எண்ணால் அளக்க முடியாத ஒரே நிபந்தனையில்தான். ஓய்வுகால அனுமதியில் இருப்பவர் வேலை செய்யக் கூடாது. வெளிநாட்டிலிருந்தே பெற்றுவரும் ஓ-ஏ வகை விசாவில், பணிபுரியத் தடை என்று பொருள்படும் முத்திரையே குத்தப்படுவதுண்டு.

"நான் சம்பளம் வாங்கவில்லை, அதனால் அது வேலை ஆகாது" என்பதே இங்கு மிகப் பரவலான, மிக ஆபத்தான நம்பிக்கை. நல்லெண்ணத்தோடு செய்த உதவிக்காக ஒருவர் தன் வீட்டையும் நட்பையும் விட்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்வதைத் தடுக்க வேண்டுமானால், அந்த நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

இரண்டு சட்டங்களைச் சேர்த்தே படிக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம், தற்காலிக அனுமதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் உரிய அனுமதியின்றி எந்தத் தொழிலிலும் பணியிலும் ஈடுபடக் கூடாது என்று 37ஆம் பிரிவில் கூறுகிறது. எது பணி என்பதை வரையறுப்பது மற்றொரு சட்டம். 1978இல் வந்த வெளிநாட்டவர் பணிச் சட்டம், உடல் உழைப்பையோ அறிவையோ செலுத்திச் செய்யும் எதையும், அதற்குக் கூலியோ வேறு பலனோ கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பணி என்றே கொண்டது. அவ்வளவு விரிந்த வலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் சிக்கிவிடுமே என்ற அச்சம் வெளிநாட்டவரிடையே பல காலம் நிலவியது.

2017இல் இதற்கென ஓர் அவசரச் சட்டம் வந்தது. 2018 மார்ச்சில் அதைத் திருத்தியபோது வரையறையும் மாறியது: முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏதேனும் ஒரு தொழிலை மேற்கொள்வதே பணி எனப்பட்டது. வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றிய அச்சத்துக்கு இதன்பின் இடமில்லை. ஆனால் கூலி வாங்கினால்தான் பணி என்றும் இந்த வரையறை கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில் சார்ந்த ஒரு வேலையை இலவசமாகச் செய்பவரும் அதற்குள் வரக்கூடும்; அதிகாரிகளும் நடைமுறையில் பெரும்பாலும் அப்படியே பார்க்கிறார்கள்.

தண்டனையும் அதே திருத்தத்தில் குறைக்கப்பட்டது. அனுமதியின்றி வேலை செய்தவருக்கு 5 ஆண்டுவரை சிறை என்றிருந்தது நீங்கி, இப்போது 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம். அதன்பின் நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவார். இரண்டு ஆண்டுகளுக்கு வேலை அனுமதியும் கோர முடியாது. வேலைக்கு வைத்துக்கொண்டவருக்கு ஒரு வெளிநாட்டவருக்கு 10,000 முதல் 1 லட்சம் பாட் வரை அபராதம். அபராதம் கட்டக்கூடிய தொகைதான். பத்தாண்டுகளாக வாழ்ந்த ஊரிலிருந்து வெளியேற்றப்படுவதே ஓய்வுபெற்றவருக்கு உண்மையான தண்டனை.

நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டியவை

ஒரு காரியத்தில் இறங்குமுன் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் சில உண்டு. இவை சட்டத்தில் எழுதப்பட்டவை அல்ல, ஆனால் பெரும்பாலான சந்தேகங்களைத் தீர்த்துவிடும். இந்தக் காரியத்தைச் செய்ய வழக்கமாக ஒரு தாய்லாந்துக்காரரைக் கூலி கொடுத்து வைத்துக்கொள்வார்களா? இதன் பலன் என் வீட்டோடு நிற்கிறதா, அல்லது ஒரு கடைக்கோ நிறுவனத்துக்கோ போகிறதா? ஒருநாள் கைகொடுப்பதா, அல்லது இந்தக் கிழமை இந்த நேரம் என்று என்னை எதிர்பார்த்து மற்றவர்கள் திட்டமிடும் ஏற்பாடா? முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்குக் கடை அல்லது நிறுவனம் என்றும் விடை வந்தால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

சொந்த வீட்டில் சமைப்பது, கூட்டுவது, அறைக்குச் சுண்ணாம்பு பூசுவது, தோட்டம் போடுவது ஆகியவற்றில் கவலை வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை: மேற்பார்வை பார்ப்பதும் கொத்தனாரோடு பேசுவதும் வேறு, மற்ற கூலியாட்களோடு சேர்ந்து நாள் முழுவதும் செங்கல் அடுக்குவது வேறு.

மனைவியின் கடை

பெரும்பாலான வில்லங்கம் தொடங்கும் இடம் இதுதான், ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தாய்லாந்துப் பெண்ணை மணந்தவர்; மனைவிக்குச் சின்னதாக ஓர் உணவுக்கடை; உரிமம் மனைவியின் பெயரில்; எல்லாம் முறைப்படியே நடக்கிறது. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் சேர்கிறது. மனைவி அடுப்படியில் நிற்க, வாசல் மேசையில் அமர்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்த கணவர் எழுந்துபோய் இரண்டு தட்டுகளை வாங்கி வாடிக்கையாளர்முன் வைக்கிறார்; திரும்பும் வழியில் நூறு பாட் தாளை வாங்கி, கல்லாவைத் திறந்து மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிறார். அந்த நொடியில் எடுக்கப்படும் ஒரு கைபேசிப் படத்தில் இருப்பவர் கடையில் பணிபுரியும் வெளிநாட்டவரே. அவர் கணவர் என்பதோ கூலி வாங்கவில்லை என்பதோ படத்தில் தெரியாது, தெரிந்தாலும் அது விலக்கு ஆகாது.

அதிலும் வெளிநாட்டவருக்கு முற்றிலும் மூடப்பட்ட தொழில்கள் என்று 2020இல் வெளியான பட்டியலில் 27 தொழில்கள் இருக்கின்றன. கடையில் விற்பனை செய்வது அந்த 27இல் இல்லை; ஆனால் அது அண்டை நாடுகளோடு செய்த ஒப்பந்தத்தின்படி வரும் தொழிலாளர்களுக்கு மட்டும் திறந்த வேறொரு பட்டியலில் இருக்கிறது. வண்டி ஓட்டுவது, சுற்றுலா வழிகாட்டி, முடி திருத்துவது, தாய் மசாஜ், அலுவலக எழுத்தர் பணி ஆகியவை அந்த 27இல் அடங்கும். இவற்றுக்கு அனுமதி கேட்டாலும் பொதுவாகக் கிடைக்காது. ஊருக்கு வரும் நண்பர்களின் நண்பர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகக் காட்டி, பெட்ரோல் செலவுக்கு மட்டும் பணம் வாங்குபவர் ஒரே பயணத்தில் இரண்டு தடைகளை மீறக்கூடும்.

கணவர் செய்யக்கூடியவை என்ன? வாடிக்கையாளரைப் போல உட்கார்ந்து சாப்பிடலாம், நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம், வீட்டில் மனைவியோடு வரவு செலவு பற்றி உரையாடலாம். கல்லாவுக்குப் பின்னால் போகாதீர்கள், மது ஊற்றிக் கொடுக்காதீர்கள், பணியாளர்களுக்குக் கட்டளையிடாதீர்கள். சோதனை பெரும்பாலும் தானாக வருவதில்லை, போட்டிக் கடைக்காரரோ மனக்கசப்புற்ற அண்டை வீட்டாரோ கொடுக்கும் புகாரைத் தொடர்ந்தே வருகிறது. அதனால் இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்பதைப் பாதுகாப்பாக எண்ணிவிட வேண்டாம். மதுக்கூடங்களில் நண்பர்களுக்காக மேடையேறி கிதார் வாசித்த வெளிநாட்டவர்கள் பிடிபட்ட செய்திகளும் வந்திருக்கின்றன. இசைக்கலைஞரை அமர்த்திப் பணம் கொடுக்கும் இடத்தில் இலவசமாக வாசித்தாலும், அது தொழிலாகவே பார்க்கப்படுகிறது.

தொண்டும் கோயிலும்

ஓய்வுபெற்றவர்களிடம் நேரமும் அனுபவமும் இருக்கின்றன. கிராமப் பள்ளி ஆசிரியை வந்து, வாரம் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டால் மறுக்க மனம் வராது. ஆனால் கற்பித்தல் என்பது அங்கு வேலை அனுமதியும் ஆசிரியர் மன்றத்தின் உரிமமும் கேட்கும் தொழில். பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவுக்குப் போய் அரைமணி நேரம் பேசிவிட்டு வருவதை யாரும் வகுப்பு என்று கொள்ள மாட்டார்கள். பாட அட்டவணையில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் நிலைமை வேறு. நாய்கள் காப்பகத்தில் தினமும் பணியாற்றுவதும், தொண்டு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்ப்பதும் இதே கணக்கில்தான் வரும். முறையாகச் செய்ய விரும்பினால், பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்று உங்களுக்காகத் தன்னார்வலர் விசாவுக்கும் வேலை அனுமதிக்கும் ஆவணம் தர வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்காமல் "சும்மா வந்து உதவுங்கள், ஒன்றும் ஆகாது" என்று அழைக்கும் அமைப்பைத் தவிர்ப்பதே நல்லது. சிக்கல் வந்தால் வெளியேற்றப்படுவது நீங்கள், அவர்கள் அல்லர்.

பேங்காக்கில் சிலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நவராத்திரிக் காலத்தில் அங்கு போகும் தமிழர் பூத்தொடுத்துக் கொடுப்பதும், பிரசாதம் பரிமாற ஒரு கை கொடுப்பதும் வழிபாட்டின் பகுதி என்றே எவரும் பார்ப்பர். அதே பக்தர் எந்தக் கோயிலிலானாலும் நாள்தோறும் மடைப்பள்ளியில் சமைக்கவும், அலுவலக மேசையில் உட்கார்ந்து ரசீது எழுதவும் தொடங்கினால், சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் பணியை அவர் செய்கிறார் என்பதே என் கருத்து. தெய்வ காரியம் என்பதற்குச் சட்டத்தில் தனி விலக்கு இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம்.

வருமானமும் மடிக்கணினியும்

ஓய்வூதியம், வட்டி, ஈவுத்தொகை ஆகியவை பணி அல்ல. சொந்தப் பணத்தில் பங்கு வாங்கி விற்பதையும் நடைமுறையில் யாரும் பணியாகப் பார்ப்பதில்லை; பிறர் பணத்தை வாங்கி நிர்வகிப்பது தொழில். அடுக்குமாடி வீட்டை வாங்கி ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டு, முகவர் வழியாக வாடகை பெறுவதிலும் தடையில்லை. நாள் வாடகைக்கு விட்டு, நீங்களே சாவி கொடுத்து, படுக்கை விரிப்பு மாற்றி, விருந்தினரைக் கவனித்தால் அது விடுதி நடத்துவதாகிவிடும். ஒரு மாதத்துக்குக் குறைந்த வாடகையில் விடுதிச் சட்டமும் குறுக்கிடும். நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கலாம், ஆனால் இயக்குநராக இருந்து தாய்லாந்தில் அமர்ந்து ஆவணங்களில் கையெழுத்திட்டு நடத்துவதற்கு வேலை அனுமதி வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வீட்டிலிருந்தே இணையம் வழியாக வேலை செய்வதே இன்று அதிகம் கேட்கப்படுவது. மடிக்கணினியோடு வீட்டில் இருப்பவரை யாரும் தேடி வருவது அரிது என்பது உண்மையே. ஆனாலும் உடல் தாய்லாந்தில் இருக்க, செய்யப்படுவது தொழில் என்பதால் ஓய்வுகால அனுமதி அதற்கு இடம் தருவதாகக் கொள்ள முடியாது. அரசே இதற்கெனத் தனி விசாக்களை உருவாக்கியிருப்பதும் அதையே காட்டுகிறது: 2024 ஜூலையில் அறிமுகமான, 5 ஆண்டு செல்லுபடியாகும் டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்னும் விசா, வெளிநாட்டு நிறுவனத்துக்காகத் தொலைவிலிருந்து பணிபுரிவோரை ஏற்கிறது, அதற்கு 5 லட்சம் பாட் இருப்பைக் காட்ட வேண்டும். வரியையும் மறக்க வேண்டாம். தாய்லாந்தில் இருந்துகொண்டு செய்த வேலையின் ஊதியம் எந்த நாட்டு வங்கிக்குப் போனாலும் அது தாய்லாந்தில் ஈட்டிய வருமானமே. ஆண்டில் 180 நாள் தங்கியவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால், 2024 ஜனவரி 1 முதல் அது எந்த ஆண்டில் கொண்டுவரப்பட்டாலும் வரிக்கு உட்படும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈட்டியதற்கு விலக்கு உண்டு.

உண்மையிலேயே வேலை செய்ய விரும்பினால்

ஓய்வுகாலக் காரணத்தைக் கொண்டு நீட்டித்த அனுமதியோடு வேலை அனுமதி பெற முடியாது. தங்கும் காரணத்தையே மாற்ற வேண்டும். தாய்லாந்து நாட்டவரை மணந்தவர் திருமணத்தின் பேரில் நீட்டிப்பு பெறலாம். அதற்கு வங்கியில் 4 லட்சம் பாட் அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் போதும், வேலை அனுமதிக்கும் வழி திறக்கும். ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலர் ஓய்வூதியமோ உழைக்காமல் வரும் வருமானமோ உள்ளவர்கள், 2022 செப்டம்பரில் தொடங்கிய எல்டிஆர் எனப்படும் பத்தாண்டு நீண்டகாலக் குடியிருப்பு விசாவைப் பரிசீலிக்கலாம். அதில் முறையான வேலை கிடைத்தால் மின்னணு வேலை அனுமதி பெறலாம். ஓரிரு வாரத்தில் முடியும் அவசரப் பணி என்றால், 15 நாளுக்கு மிகாத பணிக்கு வேலைவாய்ப்புத் துறையிடம் முன்கூட்டியே அறிவிக்கும் நடைமுறை இருக்கிறது. ஓய்வுகால அனுமதியில் இருப்பவருக்கு அது பொருந்துமா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

கேட்கச் செல்லும் இடமும் முக்கியம். வேலை அனுமதியை வழங்குவது தொழிலாளர் அமைச்சின் கீழுள்ள வேலைவாய்ப்புத் துறை. தங்கும் அனுமதியை வழங்குவது குடிநுழைவுத் துறை. ஒன்று சரி என்றதை மற்றது ஏற்க வேண்டும் என்பதில்லை, ஆகவே இரண்டு இடத்திலும் கேளுங்கள். செய்யப்போகும் காரியம், இடம், நாட்கள், நேரம், அதனால் பயன்பெறுவோர் யார் என்பதைத் தாய்லாந்து மொழியில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு, மாகாண வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுத்து, விடையையும் எழுத்தில் வாங்கப் பாருங்கள். எழுதித் தர மறுத்தால், பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அந்தக் காரியத்தில் இறங்காமல் ஒரு வழக்கறிஞரிடம் செல்லுங்கள். சோதனைக்கு அதிகாரிகள் வந்துவிட்டால் கடவுச்சீட்டைக் காட்டி அமைதியாக ஒத்துழையுங்கள். ஆனால் உங்களுக்குப் புரியாத தாய்லாந்து மொழி வாக்குமூலத்தில் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கையெழுத்திட வேண்டாம்.