வாட்டில் கட்டில் தலைமாட்டு லைற்றுக்கு எர்த் கொடுப்பது எப்படி

கையில் சேலைன் ஊசியோடு படுத்திருப்பவருக்குச் சிறு கசிவுகூட ஆபத்து. ஆகவே மற்ற இடங்களில் 50 வோல்ற் என்றிருக்கும் தொடு மின்னழுத்த எல்லை (பழுதான லைற்றைத் தொடுபவருக்கு வரலாமென அனுமதிக்கும் உச்ச வோல்ற்), அங்கே 25 ஆகக் குறைகிறது. இங்கே சொல்லும் முறை சாதாரண வாட்டுக்கும் கிளினிக்குக்கும் உரியது. ஒப்பரேஷன் தியேட்டரின் முறை வேறு, அதில் கை வைக்காதீர்கள். உரிமமுள்ள மின்னியலாளர் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே செய்து பழகுங்கள்.

பிரேக்கரை இறக்குங்கள். டெஸ்டரை மின்சாரம் உள்ள பிளக்கில் சரிபார்த்த பிறகே லைற் வயரில் வையுங்கள். வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு: பேஸ் மண்ணிறம், நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள். பழைய கட்டடமென்றால் சிவப்பு, கறுப்பு, பச்சை.

அதிகம் பிழை வருவது எர்த் திருகாணியில்தான். லைற்றின் தகட்டில் பெயின்ற் இருக்கும்; அதன்மேல் லக்கை (வயர் நுனியிலுள்ள உலோக வளையம்) இறுக்கினால் பார்வைக்குச் சரி, இணைப்பு இராது. திருகாணியைச் சுற்றி வெறும் உலோகம் தெரியச் சுரண்டி, பல்லு வொஷர் வைத்து இறுக்குங்கள். கடற்காற்றுக்குத் துரு பிடிக்கும், ஆகவே மேலே கொஞ்சம் கிறீஸ்.

லைற்றுகள் வரிசையாக இருந்தால் எர்த்தைக் கனெக்டரில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால் (சிறு எர்த் வயர்) விடுங்கள். ஒன்றன் திருகாணி வழியே மற்றதற்குக் கொண்டுபோனால், நடுவில் ஒன்றைக் கழற்றும் நாளில் பின்னாலுள்ளவை எர்த் இல்லாமல் எரியும். எர்த் வரவில்லையென்று நியூட்ரலை லைற்றின் உலோக உடலில் இணைப்பது அதைவிட மோசம்: நியூட்ரல் அறுந்தால் பல்பு வழியாகவே 230 வோல்ற் அந்த உலோக உடலுக்கு வரும்.

இனி மல்டிமீற்றர். லைற் உடலுக்கும் பிரேக்கர் போர்ட்டின் எர்த் பாருக்கும் (எர்த் வயர்கள் வந்து சேரும் செப்புப் பட்டை) இடையே அளந்து, சோதனை வயரின் ஓமைக் கழியுங்கள். 20 மீற்றர் ஓட்டத்துக்குக் கால் ஓம் அளவில் வரவேண்டும். பல ஓம் காட்டினால் திருகாணிக்கே திரும்புங்கள்.

கல்லடி, கல்முனைக் கரையோர மணலில் அடித்த எர்த் கம்பி 50 ஓம் காட்டினால், 230 வோல்ற்றில் ஓடுவது 4.6 அம்பியர்தான். 6 அம்பியர் பிரேக்கர் அசையாது. காப்பது, சிறு கசிவுக்கே விழும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச். அதன் சோதனைப் பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் சுவிட்ச் விழும். கம்பியை எர்த் டெஸ்டரால், மாரியில் அல்ல, மணல் காய்ந்த ஆவணியில் அளவுங்கள்.