பேசும் புத்தகப் பொம்மை வாங்கும் முன்

பட்டனை அழுத்தினால் எழுத்தைச் சொல்லும் பொம்மையைக் குழந்தையிடம் கொடுத்ததும் நாம் பேச்சைக் குறைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் பெற்றோரோடு விளையாடுவதை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். மின்னணு பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசியது மிகக் குறைவு. புத்தகம் இருந்தபோதுதான் அதிகம்.

பொம்மை ‘யானை’ என்று சொல்லும், அவ்வளவுதான். ‘காது எங்கே?’ என்று கேட்டு, அந்தச் சின்ன விரல் தடவித் தேடும்வரை காத்திருக்க நாம்தான் வேண்டும். அதனால் என் ஓட்டு சாதாரணப் படப் புத்தகத்துக்கே.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, ஒலியை அணைத்துவிட்டு மடியில் வைத்து நீங்களே வாசியுங்கள். அப்புறம், பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பொத்தான் பேட்டரியை (சட்டைப் பொத்தான் போன்ற சின்ன வட்ட பேட்டரி) குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.