இங்கிலாந்து வாடகை வீட்டில் கொலுவும் தீபாவளியும்: சுவரில் எதையும் ஒட்டுவதற்கு முன்

குழந்தைகளோடு இங்கிலாந்துக்கு வந்து வாடகை வீட்டின் சாவியை வாங்கியதும் பெட்டிகளைப் பிரிக்காதீர்கள். முதலில் சுவர்களைப் படம் எடுங்கள். மற்ற வேலைகளெல்லாம் ஒரு மணி நேரம் காத்திருக்கும்.

அரசாங்க வேலைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரிக்குப் பதிவு செய்யுங்கள், பக்கத்திலுள்ள ஜி.பி. மருத்துவரிடம் குடும்பம் முழுவதையும் சேர்த்துவிடுங்கள், மின்சார மீட்டர், கேஸ் மீட்டர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று தாமதமானாலும் சரிசெய்துகொள்ளலாம். டெபாசிட், அதாவது வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ், அப்படியல்ல.

ஊரில் வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். நாமும் முணுமுணுத்துவிட்டு மீதி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்தப் பழக்கத்தால்தான் என் தோழியின் குடும்பம் இங்கே பணத்தை இழந்தது. அவர்கள் வந்த முதல் வாரம் குழந்தைகள் இருவருக்கும் சளி, இரவுத் தூக்கம் கிடையாது. அப்போது ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து இன்வென்டரி என்று ஒரு நீளமான அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. வீட்டின் ஒவ்வொரு அறையும் எந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்ற பட்டியல் அது. ஹால் சுவர்கள் நல்ல நிலையில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. சோபாவுக்குப் பின்னால் பழைய கீறல்கள் இருந்தன, ஜன்னலுக்குக் கீழே ஈரத்தில் பெயின்ட் உப்பியிருந்தது. அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் படிக்க யாருக்கு நேரம்?

நவராத்திரி வந்தது. சுவரில் ஒட்டும் எல்.இ.டி. விளக்குப் பட்டையையும் காகிதத் தாமரைகளையும் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஹால் முழுக்க ஒட்டினாள் என் தோழி. பார்க்க அத்தனை அழகு. தீபாவளி முடிந்து பிரித்தபோது பெயின்ட் தோலுரிந்து டேப்போடு வந்தது, உள்ளே இருந்த வெள்ளைப் பூச்சு தெரிந்தது. வீட்டைக் காலி செய்தபோது ஹால் முழுவதற்கும் பெயின்ட் அடிக்க ஏறத்தாழ 500 பவுண்டு கேட்டார்கள். பழைய கீறல்களும் உப்பிய இடமும் தோழி குடும்பத்தின் கணக்கிலேயே சேர்ந்திருந்தன. அவள் கணவர் ஊர் வழக்கம்தானே என்று நினைத்து, டெபாசிட்டைப் பாதுகாக்கும் திட்டத்தின் இணையதளத்தில் அந்தப் பிடித்தத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். அதோடு பணம் போயிற்று. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. டேப் உரித்த இடத்துக்கு அவர்கள் பணம் கொடுத்தது நியாயம். மற்றதெல்லாம் அநியாயம்.

இங்கே சட்டம் வாடகைக்காரர் பக்கமும் நிற்கிறது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக்கூடாது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் இது. அந்தப் பணத்தை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிவு செய்து, விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். நீங்கள் கிளம்பும்போது சேதம் என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். புழக்கத்தால் இயல்பாக வரும் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. பல வருடம் ஆன பெயின்டுக்குப் புதுப் பெயின்டின் முழு விலையையும் உங்களிடம் கேட்க முடியாது. உடன்பாடு இல்லையென்றால் ஒப்புதல் கொடுக்காமல், அதே திட்டத்தின் தகராறு தீர்வுக்குப் போங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே பேசுவது ஆதாரம் மட்டுமே.

ஆகவே படம் எடுக்கும் முறையைக் கவனியுங்கள். பகல் வெளிச்சத்தில், திரைகளை விலக்கிவிட்டு, ஒவ்வொரு சுவரையும் மூலைக்கு மூலை தெரியும்படி ஒன்று எடுங்கள். பிறகு ஒவ்வொரு கீறலுக்கும் பக்கத்தில் ஒரு சாவியைப் பிடித்து நெருக்கமாக ஒன்று, அளவு தெரிவதற்காக. கார்ப்பெட்டின் கறை, அடுப்பின் உட்புறம், ஜன்னல் விளிம்பின் பூஞ்சணம் எதையும் விடாதீர்கள். இன்வென்டரி வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக, விடுபட்டவற்றை எழுதிப் படங்களோடு அனுப்புங்கள். போனில் சொன்னால் போதாது. தேதியோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி வீட்டை ஒழுங்குபடுத்தும் கதை. என் விதி ஒன்றுதான்: சுவரை நம்பாமல் தரையில் நிற்கும் சாமான்களையே வாங்குங்கள். தொண்டு நிறுவனங்கள் பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடைகளிலும், ஞாயிறு காலைகளில் மைதானங்களில் மக்கள் தங்கள் பழைய சாமான்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் கார் பூட் விற்பனையிலும் நல்ல மர அலமாரிகள் மலிவாகக் கிடைக்கும். சோபா வாங்கினால் தீப்பாதுகாப்பு லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இழுப்பறைகள் கொண்ட உயரமான அலமாரி மட்டும் விதிவிலக்கு. குழந்தை இழுப்பறைகளைப் படியாக்கி ஏறினால் அது அப்படியே குழந்தையின் மேலே சாயும். அதைச் சுவரோடு பிணைக்க வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் உயரம் குறைந்ததை வாங்குங்கள். எந்த அலமாரியையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். குளிர்காலத்தில் காற்றோட்டம் இல்லாமல் பின்னால் பூஞ்சணம் படரும், பட்டுப்புடவைக்கும் அந்த வாடை ஏறிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ்கள் கட்டிலுக்கடியில் போகட்டும். கோடையில் கம்பளி உடைகள் அவற்றுக்குள்.

துணி, பொம்மை, புத்தகம் வைக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை ஒரே அளவில் வாங்குங்கள். கலந்து வாங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் கொலு. பின்வரிசையில் மூன்று பெட்டி உயரம், நடுவில் இரண்டு, முன்னால் ஒன்று என்று அடுக்கினால் மூன்று படி தயார். கனமான புத்தகப் பெட்டிகள் அடியில் இருக்கட்டும். மூடிகளின் மேடுபள்ளம் தெரியாமல் தட்டையான அட்டையைப் பரப்பி, அதன் மேல் ஜரிகைக்கரை முன்பக்கம் விழும்படி வேட்டியை விரித்து, பெட்டி விளிம்பில் துணிக் கிளிப் போட்டுவிடுங்கள். விளக்குச் சரத்தைப் படியோரமாக ஓடவிட்டால் சுவர் தேவையே இல்லை. நடக்கக் கற்ற குழந்தை இருந்தால் கீழ்ப்படியில் மண் பொம்மை வேண்டாம். அந்தப் படியைக் குழந்தையின் மரப்பொம்மைகளுக்கே கொடுத்துவிடுங்கள், அது தன் கொலு என்று பெருமையோடு காவல் காக்கும்.

பேட்டரியில் எரியும் சின்ன அகல் விளக்குகள் கடையில் மலிவு. பலவற்றில் நாணயம் போன்ற பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத விளக்கை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எண்ணெய் அகல் ஏற்றுவதானால் மணல் பரப்பிய எவர்சில்வர் தட்டில், திரைச்சீலைக்குத் தள்ளி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க ஏற்றுங்கள். சாம்பிராணிப் புகைக்கு வீட்டிலுள்ள தீ எச்சரிக்கை அலாரம் கத்தினால் ஜன்னலைத் திறங்கள். அலாரத்தைத் துணியால் மூடவோ பேட்டரியைக் கழற்றவோ கூடாது.

வாசல் கோலம் இல்லாமல் பண்டிகை எனக்குப் பண்டிகையாகவே தோன்றுவதில்லை. ஆனால் கார்ப்பெட்டில் செங்காவி சிந்தினால் போகாது, வாசல் படியில் போட்டால் பாதி நாள் மழை. கறுப்பு வண்ணம் பூசிய ஒரு பலகையில் சாக்கட்டியால் புள்ளி வைத்து இழையுங்கள். குழந்தை தப்பாகப் போட்டால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். அடுக்குமாடி வீடென்றால் பொது நடைபாதையில் எதையும் வைக்காதீர்கள், தீ விபத்தில் வெளியேறும் வழி அது. மாவிலைத் தோரணத்துக்குப் பச்சைக் கிரேப் காகிதம் போதும். நிலைக்கு ஆணி வேண்டாம், ஜன்னலுக்கிடையே இறுக்கி நிறுத்தும் ஸ்பிரிங் கம்பியில் கட்டலாம். அதே கம்பியில் பழைய சுங்குடிப் புடவையை மடித்துத் திரையாகவும் தொங்கவிடலாம்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். அதனால் நவம்பரில் வரும் தீபாவளிக்கு மாலை ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிடும், குழந்தைகள் தூங்குவதற்கு முன்பே கம்பி மத்தாப்பு கொளுத்தலாம். சாதாரண நாளில் இரவு 11 மணியோடு பட்டாசை நிறுத்த வேண்டும். தீபாவளி இரவுக்கு மட்டும் 1 மணி வரை அனுமதி உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கையில் மத்தாப்பைக் கொடுக்காதீர்கள், எரிந்த கம்பியைப் போட ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

விளக்குச் சரங்களைத் தீபாவளி நேரத்தில் வாங்காதீர்கள். கிறிஸ்துமஸ் முடிந்தவுடன் அவை கடைகளில் பாதி விலைக்கு வரும். மஞ்சள் ஒளி தருபவையாகப் பார்த்து அப்போது வாங்கினால் ஜனவரி நடுவில் பொங்கலுக்கு முதலில் எரியும், பிறகு கொலுப் பொம்மைப் பெட்டியிலேயே போட்டு, மேலே தடித்த எழுத்தில் பெயர் எழுதி வைத்துவிடலாம்.