சூளை இல்லாமல் அகல் சுடுவது, தண்ணீர் ஓடும் ஊரில்

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். கொல்லைக் கதவைத் திறந்தால் குடமுருட்டி ஆற்றின் கரை தெரியும். ஆற்றின் பேரிலேயே குடம் இருக்கிறது. ஆனாலும் நான் மண்ணைக் கையில் எடுத்தது 46 வயதில்தான். திருக்கார்த்திகைக்கு வீடு முழுக்க நானே செய்த அகல் எரிய வேண்டும் என்று ஓர் ஆசை. அகல் பிடிக்கக் கை பத்து நாளில் பழகிவிட்டது. சுடுவதற்குத்தான் இரண்டு வருடம் ஆனது.

முதல் தடவை குழி வெட்டிச் சுட்டேன். சூளை இல்லாதவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழி அதுதான்: ஒன்றரை அடி ஆழத்தில் குழி, அடியில் வைக்கோல், நடுவில் பாண்டம், மேலே வரட்டி, அப்புறம் தீ. அப்போது ஆவணி மாதம், வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழி பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது. தீ வைத்துக் கால் மணி நேரம் இருக்கும், உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்க ஆரம்பித்தது. மறுநாள் சாம்பலைக் கிளறினேன். 23 அகலில் 4தான் முழுசாக வந்தன. மற்றவை செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தன. குழியின் அடியில் சாம்பல் ஈரமாகக் கட்டி பிடித்திருந்தது.

பக்கத்துத் தெருவில் பானை வனையும் வேளார் பெரியவரிடம் ஒரு சில்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆத்துல தண்ணி வந்தா தரைக்குள்ளயும் வந்துடும்ல? மேட்டுல வச்சுச் சுடும்மா" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் இந்த முறையை மெல்ல மெல்லச் சரிசெய்தேன். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தால், சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும், அப்புறம் எங்கள் வாய்க்காலுக்கு. அதற்குப் பிறகு டெல்டாவில் எங்கே குழி வெட்டினாலும் கீழே ஈரம் இருக்கும். தீ மூட்டியதும் அந்த ஈரம் ஆவியாகி நேராகப் பாண்டத்துக்குள் ஏறும்.

மண்ணுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை வெடிக்க வைப்பது தண்ணீர்தான். 100 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் நீராவியாகிப் பல மடங்கு விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே கீழே சொல்லப்போவது பெரும்பாலும் ஈரத்தை விரட்டுகிற வேலைதான். தீ மூட்டுவது அதில் கடைசிக் கொஞ்சம்.

முதலில் மண். எங்கள் வயல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், அவ்வளவு களி. அதை அப்படியே பிடித்தால் காயும்போதே விரிசல் விடும். குளம் தூர்வாரும்போது கிடைக்கும் வண்டலும் ஏறக்குறைய அதே குணம்தான். (பொதுக் குளத்தில் எடுப்பதானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். நான் எடுப்பது எங்கள் கொல்லைக் குட்டையில்.) மண்ணை நன்றாகக் காயவைத்து உடைத்து, ஒரு நாள் ஊறவைத்து, கரைத்துத் துணியில் வடிகட்டுவேன். வடிகட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குட்டை மண்ணில் நத்தை ஓட்டுத் துண்டு நிறைய இருக்கும். நல்ல சூட்டில் அது சுண்ணாம்பாகிவிடும். சுட்டு எடுத்த அன்று அகல் அழகாகத்தான் இருக்கும். நாலு நாள் கழித்துக் காற்றின் ஈரத்தைக் குடித்து அந்தச் சுண்ணாம்பு ஊதும், அந்த இடத்தில் காசு அளவுக்குத் தோல் பெயர்ந்து விழும்.

வடித்த மண்ணோடு கலக்க உடைந்த நாட்டு ஓட்டை இடித்துச் சலித்த தூள்தான் என் முதல் தேர்வு. 4 பங்கு மண்ணுக்கு 1 பங்கு தூள். ஒரு தடவை சூளையில் வெந்த மண் என்பதால் அது மறுபடி சுருங்காது, களியின் சுருக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். தூள் இல்லையென்றால் சலித்த ஆற்று மணல் போதும். சரியாகக் கலந்ததா என்று பார்க்க, பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலில் சுற்றுங்கள். பிளக்காமல் வளைந்தால் சரி. உடைந்தால் தூள் அதிகம், இன்னும் கொஞ்சம் மண் சேருங்கள்.

பாண்டத்தின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கட்டும். சுண்டுவிரல் கனத்தைத் தாண்ட வேண்டாம். அடி கனமாகவும் விளிம்பு மெலிதாகவும் இருந்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் காயும், சேருமிடத்தில் விரிசல் நிச்சயம். பாதி காய்ந்ததும் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தால் நல்ல வழவழப்பு வரும். கூழாங்கல்லால் தேய்ப்பதுதான் வழக்கம். ஆனால் எங்கள் பக்கத்து ஆற்றில் மணல்தான் இருக்கிறது, கல்லுக்கு எங்கே போவது?

இனி காயவைப்பது. நிழலில், காற்று மெதுவாக வரும் திண்ணையில், குறைந்தது 12 நாள். முதல் மூன்று நாள் மேலே பழைய துணி போட்டு மூடி வையுங்கள், தினமும் ஒரு தடவை திருப்பி வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நம்பகமான கருவி கன்னம்தான். காலையில் அகலின் அடியைக் கன்னத்தில் ஒட்டிப் பிடியுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் மரப்பலகை அளவுக்குத்தான் குளிர்ச்சி என்றால் தயார். நிறமும் ஓரளவு சொல்லும்: ஈரம் போகப் போகக் கருமை விலகி வெளுக்கும். ஆனாலும் கண்ணை விடக் கன்னத்தை நம்புங்கள்.

எப்போது சுடுவது? எங்கள் பகுதிக்குப் பங்குனியிலிருந்து வைகாசி வரை உத்தமம். சம்பா அறுவடை முடிந்து புது வைக்கோல் இருக்கும், வாய்க்கால் காய்ந்திருக்கும், தரை கல் மாதிரி இருக்கும். ஆடியில் வேண்டாம், அந்தக் காற்றில் ஒரு பொறி எந்தக் கூரைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நினைத்தும் பார்க்காதீர்கள். கார்த்திகை அகலை நான் வைகாசியிலேயே சுட்டு எடுத்து வைத்துவிடுகிறேன். வைகாசியைத் தவறவிட்டால் புரட்டாசியில் மழை விட்ட ஒரு வாரம் பார்த்துச் சுடலாம், ஆனால் மேட்டில் மட்டும்தான்.

இடம் கொல்லையிலேயே உயரமான பகுதி. வைக்கோல்போர், கீற்றுக்கொட்டகை, மின்கம்பி எதுவும் 30 அடிக்குள் இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துணி காயப் போட்டிருப்பார்கள். தரையில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த மணலும், அதன் மேல் உடைந்த ஓடும் பரப்புங்கள். இதுதான் குழிக்கு மாற்று. சுற்றி 3 அடி அகலத்துக்கு வட்டமாகச் செங்கல்லை இரண்டு வரிசை அடுக்குங்கள். சாந்து வேண்டாம். கீழ் வரிசையில் நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், காற்று போக.

20 அகல், இரண்டு மூன்று சின்னச் சட்டிக்கு நான் வைத்துக்கொள்வது: வரட்டி 50, ஒரு மூட்டை உமி, இரண்டு கட்டு வைக்கோல், கொஞ்சம் கொட்டாங்கச்சி. வரட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இரண்டாக உடைத்தால் நடுவில் பச்சை தெரியக் கூடாது. விறகை விட வரட்டியை நான் விரும்புவதற்குக் காரணம், அது சீறி எரியாது, நின்று கனலும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் இந்தத் தீயில் போடாதீர்கள். அந்தப் புகை உங்களுக்கும் ஆகாது, பாண்டத்துக்கும் ஆகாது.

சுடும் நாளன்று காலையிலிருந்து பாண்டங்களை வெயிலில் வையுங்கள். நாலு மணிக்குச் செங்கல் வட்டத்துக்கு வெளியே பத்து வரட்டியில் ஒரு சின்னத் தீ மூட்டி, பாண்டங்களை அதைச் சுற்றி ஒரு முழ தூரத்தில் வட்டமாக வையுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை திருப்புங்கள், ஒவ்வொரு தடவையும் நாலு விரல் உள்ளே நகர்த்துங்கள். ஒன்றரை மணி நேரம். முடிவில் வெறுங்கையால் தொட முடியாத சூட்டில் இருக்கும். இந்த ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்ததற்கு அப்புறம் எனக்கு ஒரு சுடுதலில் ஒன்றிரண்டுக்கு மேல் உடைந்ததில்லை. அவசரமாக இருக்கிறது என்றால் அன்றைக்குச் சுடாமல் வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குவதை மட்டும் வேகமாகச் செய்ய வேண்டும், சூடு ஆறக் கூடாது. ஓட்டின் மேல் மூன்று விரல் உமி, அதன் மேல் ஒரு வரிசை வரட்டி. பாண்டங்களை இடுக்கியால் எடுத்துக் குப்புற வைத்து, இடுக்கில் வரட்டித் துண்டும் கொட்டாங்கச்சியும் செருகுங்கள். மேலே பழைய பானை ஓடு நாலைந்து மூடி மாதிரி. வரட்டி எரிந்து சரியும்போது அகலை நசுக்காது, நேர்த் தீயும் படாது. அதைச் சுற்றி வரட்டியைச் சாய்த்துச் சாய்த்து இரண்டு அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேல் அரை அடி வைக்கோல், அதன் மேல் சேற்றுக் குழம்பை மெலிதாகப் பூசுங்கள். உச்சியில் உள்ளங்கை அளவு திறப்பு விடுங்கள். வேளார் வீட்டுச் சூளையும் இந்தப் பூச்சு முறைதான், அளவு மட்டும் பெரிது.

தீயை உச்சியில் வையுங்கள். அந்தத் திறப்பில் ஒரு கரண்டி கங்கு. கீழே வைத்தால் குப்பென்று ஏறிவிடும். மேலே வைத்தால் மெதுவாக இறங்கும், அதற்கு முன்னால் போகும் சூடு அடியில் இருப்பதைப் பதமாக்கிக்கொண்டே போகும். முதலில் வெள்ளையாகக் கனமான புகை, அது ஈரம். ஒரு மணி நேரத்தில் புகை மெலியும். பாதி ராத்திரி வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். பூச்சு விரிந்து தீ எட்டிப்பார்த்தால் ஒரு கை சேற்றை அப்புங்கள். பருத்திப் புடவை கட்டிக்கொள்ளுங்கள், நைலான் வேண்டாம். பக்கத்தில் மணல் ஒரு வாளி, தண்ணீர் ஒரு வாளி. தண்ணீர் சுற்றுப்புறத்தில் தீ பிடித்தால் அணைக்க மட்டும், சூட்டில் இருக்கும் பாண்டத்தின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது.

அந்தி சாயும் நேரத்தில் தீ வைக்கச் சொல்வது ஒரு காரணத்துக்காக. வேக்காட்டை நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நிறம் இருட்டில்தான் தெரியும். ஒன்பது, பத்து மணி வாக்கில் செங்கல் இடைவெளி வழியாகக் குனிந்து பாருங்கள். மங்கின சிவப்பு என்றால் ஏறக்குறைய 600 டிகிரி. பழுத்த கோவைப்பழச் சிவப்பு என்றால் 700ஐத் தாண்டிவிட்டது. 450க்கு மேல்தான் களிமண்ணின் உள்கட்டில் பிணைந்திருக்கும் நீர் பிரிய ஆரம்பிக்கும். அது முழுக்கப் போனால்தான் மண் திரும்பவும் மண்ணாகக் கரையாது. கோவைப்பழ நிறம் அரை மணி நேரம் நின்றால் எனக்குத் திருப்தி. நிறம் வரவில்லையென்றால் இடைவெளியில் நாலு கொட்டாங்கச்சியைத் தள்ளுங்கள், எழும்பிவிடும்.

உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு வேண்டுமானால், குப்புற வைக்கும்போதே பாண்டத்தின் வயிற்றில் உமியை அடைத்து வையுங்கள். காற்றில்லாமல் உமி கரிந்து உட்புறத்தைக் கருக்கும், காற்றுபட்ட வெளிப்புறம் சிவக்கும். பூம்புகார் அகழாய்வில் கிடைத்த கருப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பார்த்தால் இந்த வேலை காவிரிக் கரையில் எவ்வளவு பழையது என்று புரியும். முதல் தடவை என் சட்டி அப்படி வெளியே வந்தபோது வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம் ஆறவிடுவது. மறுநாள் மத்தியானம் வரை தொடாதீர்கள். 573 டிகிரியில் மணல் துகள்கள் சட்டென்று சுருங்கும். அந்த நேரம் காற்றுபட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம், தலைமுடி மாதிரி மெல்லிசாக ஒரு விரிசல். சாம்பலுக்குள் கை விட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுத்தால் போதும்.

எடுத்ததும் விரல் நகத்தால் தட்டுங்கள். கணீரென்றால் வெந்தது, சொத்தென்றால் விரிசல் அல்லது வேகாதது. சந்தேகமானதை ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் சேறாகிக் கிடந்தால் சூடு போதவில்லை. நன்றாக வெந்ததற்கும் நுண்துளை இருக்கும். அகலை முதல் தடவை எண்ணெய் ஊற்றுவதற்கு முன் நாலு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் எண்ணெய் அவ்வளவாகக் குடிக்காது. சட்டியை வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்துப் பழக்குங்கள். புளிக்குழம்பும் ஊறுகாயும் இந்த வேக்காட்டுச் சட்டியில் வேண்டாம்.

போன வைகாசியில் 22 அகல் வைத்தேன், 21 வந்தது. உடைந்த அந்த ஒன்றை இடித்துச் சலித்து ஓட்டுத்தூள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த மண்ணில் கலக்க.